திரைக்கு வராத விடை

கறுப்புத் திரை ஓர் எண்ணைக் கேட்டது. குமார் 4751 என்று தட்டி, எண்டரையும் தட்டினான். திரை அதை வாங்கிக்கொண்டது. பிறகு ஒன்றும் சொல்லாமல் வேலையை முடித்துக்கொண்டு விட்டது.

வர வேண்டிய விடை 1574. கொடுத்த எண்ணைப் பின்னாலிருந்து முன்னாலாகத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதுதான் அவனுக்குச் சீட்டில் வந்த கேள்வி. இதை அவன் என் கண் முன்னால் எத்தனையோ முறை சரியாகச் செய்திருக்கிறான்.

மறுபடி தட்டினான். மறுபடி மௌனம்.

நான் அடுத்த இருக்கையில் இருந்தேன். என் கேள்வி முடிந்து, விடை திரையில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. தேர்வு அறையில் பக்கத்தில் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பேசக் கூடாது என்பது எனக்குக் கஷ்டமில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் கஷ்டம். பார்ப்பதுதான் என் தொழில்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் போகும் சாலையில் உள்ள ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகம் அது. அறையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் நாற்பது வயது தாண்டியிருந்தது. மின்விசிறிக் காற்றில் தைல வாசனை வந்தது. ஒருவர் மாத்திரைக்கு நேரமாகிவிட்டதென்று அனுமதி கேட்டு எழுந்து போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். விசைப்பலகையில் எழுத்தைத் தேடும்போது பாதிப் பேர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்கள், மீதிப் பேர் நெற்றியிலிருந்து இறக்கினார்கள்.

நாங்கள் எல்லோரும் அரியர் வைத்திருந்தவர்கள்.

கடைசி வாய்ப்புகள்

அரியர் என்றால் என்னவென்று இந்த வார இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். எல்லாப் பாடமும் தேறி, ஒன்றே ஒன்று நின்றுபோய், அதனால் பட்டம் கைக்கு வராமல் போன மாமாவோ சித்தியோ.

பல்கலைக்கழகம் எங்களைப் போன்றவர்களுக்கு அவ்வப்போது ‘இறுதி வாய்ப்பு’ என்று அறிவிக்கும். துணிக்கடைக்காரர்கள் ‘இன்றே கடைசி’ என்று எழுதித் தொங்கவிடுவதைப் போலத்தான். அடுத்த வருடமும் அதே பலகை தொங்கும். ஆனால் இந்த முறை அப்படி இல்லை. எங்கள் பழைய பாடத்திட்டத்தையே மூடுகிறோம், இதற்கு மேல் கேள்வித்தாள் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு நின்றது சி என்ற கணினி மொழியின் செய்முறைத் தேர்வு ஒன்றுதான். தேர்வன்றைக்கு எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், ஊரப்பாக்கத்தில் வீடு, செங்கல்பட்டில் வேலை, காலையும் மாலையும் மின்சார ரயில். யாரும் என்னிடம் பட்டத்தைக் கேட்கவில்லை. ஆனாலும் என் பெயருக்குப் பின்னால் வர வேண்டிய எழுத்துகள் விடுபட்டிருப்பது, தினமும் பார்க்கும் ஒரு பலகையில் இருக்கும் அச்சுப்பிழை மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

குமாரின் கதை வேறு. குமாரவேல் என் வகுப்புத் தோழன். நெம்மேலிக்குத் தெற்கே கடலோரக் குப்பத்துக்காரன். அவன் அம்மை போட்டு வராமல் போனவன் அல்ல. அதே தேர்வுக்கு வந்தவன். வந்து, எழுதி, விடை வராமல் போனவன். அதற்குப் பிறகும் சில வாய்ப்புகளில் வந்தான். ஒவ்வொரு முறையும் திரை இப்படித்தான் ஊமையாக இருந்தது.

இதில் விசித்திரம் என்னவென்றால், பழகும்போது அவனுக்கு எப்போதும் வரும். தேர்வில் மட்டும் வராது.

“எனுக்கும் இந்த ‘சி’க்கும் ராசி இல்ல எஸ்தரு,” என்பான். “வூட்ல வாலாட்டுது. பரிட்சையில பல்ல காட்டுது.”

இப்போது அவன் மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியில் பண்டகப் பொறுப்பாளன். விடுதி முதலாளிக்கு அவனை மேலாளராக்க விருப்பம். பட்டச் சான்றிதழ் இருந்தால்தான் முடியும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவனுக்கு உள்ளே அரித்தது அது இல்லை. தன் தலையில் ஏதோ ஒன்று குறைச்சல் என்று அவன் முடிவு கட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசி வாய்ப்பும் போனால் அந்த முடிவு முத்திரை குத்தியதாகிவிடும்.

ஷேர் ஆட்டோ கிளம்பும் நேரம்

தேர்வுக்கு முந்தைய மாதங்களில் நாங்கள் சேர்ந்து படித்தோம். நான் செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துப் பிழை திருத்துபவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, நினைவஞ்சலி. வேலை முடிந்தபின் அச்சகக் கணினியில் ஒரு மணி நேரம் உட்கார முதலாளி அனுமதித்தார். குமார் பேருந்தில் வருவான். வரும்போது அவன் மனைவி தேவகி கொடுத்தனுப்பும் பொரித்த மீன் ஒரு டப்பாவில் வரும். மை வாசனையும் மீன் வாசனையும் கலந்த அந்த மாலைகளை அச்சகத்தின் மற்ற ஊழியர்கள் எப்படிச் சகித்தார்கள் என்று தெரியவில்லை. டப்பாவைத் திறந்தவுடன் அவர்களும் வந்துவிடுவார்கள் என்பதால் இருக்கலாம்.

விடை ஏன் திரைக்கு வராமல் போகும் என்பதைத்தான் நாங்கள் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகப் படித்தோம். அவனுக்கு வேண்டியது அதுதானே.

சி மொழியில் பிரிண்ட் என்று ஒரு வரி எழுதினால் விடை திரையில் வரும். ஆனால் சில நேரம் உடனே வராது. அனுப்பியதைக் கணினி ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, சேர்ந்தபின் மொத்தமாகத் திரைக்கு அனுப்பும். புத்தகத்தில் இதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. குமாரிடம் சொன்னேன்.

“கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வாசல்ல ஷேர் ஆட்டோ நிக்குதில்ல? நீ ஏறி உக்காந்துட்ட. ஆனா அவன் கிளம்ப மாட்டான். ஆள் சேரணும். விடை ஆட்டோவுல உக்காந்துகினு இருக்குது. வீடு போய்ச் சேரல.”

“அப்ப இன்னா பண்றது?”

“வரி முடிஞ்சுதுன்னு ஒரு குறி போடணும். இல்லன்னா ஃப்ளஷ்னு ஒரு கட்டளை இருக்குது. அதைப் போட்டா, இருக்கிற ஆளோட கிளம்பிடுவான்.”

குமார் யோசித்தான். “கூடுவாஞ்சேரில அந்த மாரி கட்டளை எதுனா கீதா?”

இல்லை என்று வருத்தத்துடன் சொன்னேன்.

அதன்பின் அவன் தன் பிரிண்ட் வரிகளில் எல்லாம் குறி போட்டான், ஃப்ளஷ்ஷும் போட்டான். விடைகள் துள்ளிக்கொண்டு வந்தன. முன்பெல்லாம் தேர்வில் ஊமையாக நின்றதற்கு ஷேர் ஆட்டோதான் காரணம் என்று இருவரும் நம்பிவிட்டோம்.

ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. ஆள் சேராவிட்டாலும் கடைசியில் ஆட்டோ வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நிரல், அதாவது நாம் எழுதிக் கொடுத்த கட்டளைகள், முடியும்போது கணினி மிச்சம் மீதியை எல்லாம் திரையில் கொட்டிவிட்டுத்தான் ஓயும். குமாரின் நிரல் முடிந்தது. ஒன்றும் கொட்டவில்லை. அப்படியானால் அவன் விடை ஆட்டோவில் ஏறவே இல்லை.

இது எனக்கு உறைத்தது தேர்வு அறையில், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது. கைக்கு உதவாத நேரத்தில்.

நிற்கும் சுழி, படுக்கும் சுழி

இங்கே கொஞ்சம் அச்சகத்துக்குப் போய்விட்டு வர வேண்டும்.

நான் தேவாலயத்துக்குப் போகிறவள். ஆனால் பிள்ளையார் சுழியைப் பற்றி என்னிடம் சந்தேகம் கேட்கலாம். அத்தனை பத்திரிகைகள் பார்த்திருக்கிறேன். உ என்ற எழுத்துதான் எல்லோருக்கும் பொது. அதன் வாலை எப்படி இழுப்பது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் கொள்கை மாறும். சிலர் வாலை நேராக இழுப்பார்கள். சிலர் கீழே இரண்டு கோடு போடுவார்கள். ஒரு பெரியவர் எங்கள் மேஜையில் வந்து பத்திரிகையைத் திருப்பிப் போட்டார்.

“இன்னாம்மா இது? எங்க சுழி நிக்கும். இங்க படுத்துக்கினு கீது.”

மாற்றிக் கொடுத்தோம். நின்றது. அவர் வீட்டுக் கல்யாணம் நன்றாக நடந்ததாகக் கேள்வி.

குமார் வீட்டுச் சுழிக்கு வால் சாய்ந்து இறங்கும். இடமிருந்து வலமாக, சறுக்குமரம் மாதிரி. அவன் அம்மா சிலேட்டில் போட்டுக் கொடுத்த வடிவம் அது. அதோடு இரண்டு விதிகளும் உண்டு. ஒன்று, பழகுவதற்கெல்லாம் சாமியைத் தொந்தரவு செய்யக் கூடாது, தேர்வுக்கு மட்டும் போட வேண்டும். இரண்டு, தாளின் தலைப்பில் போடக் கூடாது. அங்கே பதிவெண் வரும். விடை எந்த வரியில் தொடங்குகிறதோ அதற்கு நேர் மேலே போட வேண்டும்.

இது எதுவும் தேர்வு நாள் வரை எனக்குத் தெரியாது. பழகும்போதுதான் அவன் போட மாட்டானே.

பக்கத்து இருக்கை

குமார் பிரிண்ட் வரியைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினான். ஓட்டினான். வரவில்லை. குறியைப் பார்த்தான், இருந்தது. ஃப்ளஷ்ஷைப் பார்த்தான், இருந்தது. அவன் கழுத்தில் வியர்வை இறங்கியது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்காமல் திரையைத் துடைத்தான்.

அப்போது பார்த்துவிட்டேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் போய்விட்டது. நிரல் எழுதும் பக்கத்தை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, பெரிய எழுத்தாக வைத்திருந்தான். விடையைக் காட்டும் பிரிண்ட் வரிக்கு நேர் மேலே இப்படி இருந்தது:

// 2\

ஆங்கில விசைப்பலகையில் உ கிடையாது. அதனால் 2. அதன் வாலுக்கு அந்தச் சாய்கோடு. முன்னால் இருக்கும் இரட்டைக் கோடு, ‘இந்த வரி மனிதர் படிப்பதற்கு, கணினியே, நீ படிக்காதே’ என்று சொல்லும் அடையாளம். எல்லாம் முறைப்படி. குமார் தன் தேர்வுக்குப் பிள்ளையார் சுழி போட்டிருந்தான், விடை தொடங்கும் வரிக்கு நேர் மேலே.

அந்த வால்தான் சிக்கல். பழைய புத்தகங்களில், ஒரு சொல் வரிக் கடைசியில் இடம் போதாமல் உடைந்தால் சின்னக் கோடு போட்டு அடுத்த வரியில் தொடர்வார்கள். சி மொழியிலும் அப்படி ஒரு கோடு உண்டு. வரியின் கடைசியில் அந்தச் சாய்கோடு நின்றால், ‘இந்த வரி இன்னும் முடியவில்லை, அடுத்ததையும் சேர்த்துக்கொள்’ என்று பொருள். பாடப் புத்தகத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பொடி எழுத்தைப் படிக்காமல் விடுவது என் வழக்கமில்லை.

ஆக, குமாரின் சுழி முடியவில்லை. அடுத்த வரியிலிருந்த பிரிண்ட்டையும் சேர்த்துக்கொண்டது. கணினி படிக்கத் தேவையில்லாத வரியாக அதுவும் ஆகிவிட்டது. அவன் அந்த வரியை எத்தனை முறை திருத்தினாலும் கணினிக்கு அது கண்ணிலேயே படாது.

அங்கே உட்கார்ந்து என்னவெல்லாம் நினைத்தேன் தெரியுமா? இருமலாமா என்று நினைத்தேன். இருமி என்ன பயன், சாய்கோடு என்று எப்படி இருமுவது? தேர்வில் சொல்லிக் கொடுப்பது தப்பு, அது ஒரு பக்கம். சொல்லலாம் என்றே வைத்துக்கொண்டாலும் எப்படிச் சொல்வது? ‘குமார், உன் விடையை உன் பிள்ளையார் விழுங்கிவிட்டார்’ என்று. அதையும் எஸ்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு நான்.

குமார் என் பக்கம் திரும்பினான். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஓர் ஆடு சைக்கிள் இருக்கையை மென்றுகொண்டிருந்தது. அதை அவ்வளவு கவனமாக நான் பார்த்தது அந்த ஆட்டுக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

துணை

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எங்கள் எல்லோரையும் விட வயதில் சிறியவர். அதனால் எல்லோரையும் சார், மேடம் என்றே கூப்பிட்டார். வரிசையாக வந்தார். என் திரையைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், கையெழுத்துப் போட்டார். குமாரிடம் நின்றார்.

“அவுட்புட் எங்க சார்?”

“வர்ல சார்.”

“எரர் ஏதாவது காட்டுதா?”

“ஒண்ணியும் காட்டல சார். கம்முனு கீது.”

தேர்வாளர் நெற்றியைச் சுருக்கினார். “சரி, மத்தவங்களைப் பார்த்துட்டுக் கடைசியா வரேன். பதற்றப்படாம பாருங்க.”

அவர் நகர்ந்ததும் குமார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டான். உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, சுட்டியைச் சுழியின் பக்கம் கொண்டுபோய், வாலுக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு ஆங்கில எழுத்தில் ‘துணை’ என்று அடித்தான். எல்லாக் கல்யாணப் பத்திரிகையிலும் மேலே இருக்குமே, அதே துணை.

ஓட்டினான். எண்ணைக் கொடுத்தான்.

1574.

நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவன் எதுவும் கண்டுபிடித்துச் செய்யவில்லை. வேண்டிக்கொண்டு ஒரு சொல் அடித்தான், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் வந்து நின்றதால் சாய்கோடு வரிக்குக் கடைசியாக இல்லாமல் போனது. வரி அங்கேயே முடிந்தது. பிரிண்ட்டுக்கு விடுதலை.

குமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தேவகி, இறால், முற்றுப்புள்ளி

தேர்வாளர் திரும்பி வந்தார்.

“வந்துடுச்சா? என்ன மாத்தினீங்க?”

“துணைன்னு போட்டேன் சார்.”

“எதுக்குத் துணை?”

“எனக்குத்தான் சார்.”

அவர் குனிந்து பார்த்தார். அந்தச் சொல்லை அழித்துவிட்டு ஓட்டினார். ஊமை. திரும்ப அடித்து ஓட்டினார். 1574. பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. காரணத்தை அவர் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

“விடை சரி சார். ஆனா ஏன் வந்துச்சுன்னு நீங்க சொல்லணும். சாமி குடுத்துச்சுன்னா, மார்க்கை நான் சாமிக்குத்தான் போட முடியும்.”

“தெர்ல சார்.”

“தெரியாதுன்னா கண்டுபிடிங்க. மாத்திப் பாருங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

இதற்கு அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. குமார் விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டான். பிறகு துணையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தேவகி என்று அடித்தான். ஓட்டினான். 1574.

“இது யாரு சார்?” என்றார் தேர்வாளர்.

“எங்க வூட்ல சார்.”

“அவங்க பேருக்கும் வேலை செய்யுது.”

“அது எப்பவும் செய்யும் சார்,” என்றான். ஆனால் முகத்தில் யோசனை வந்துவிட்டது. தேவகியை அழித்தான். இறால் என்று அடித்தான். 1574. இறாலை அழித்து வெறும் முற்றுப்புள்ளி வைத்தான். 1574.

பின் வரிசையிலிருந்த மாத்திரைக்காரர் எழுந்து நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். தேர்வாளர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“அப்போ வார்த்தையில ஒண்ணும் இல்ல,” என்று குமார் தனக்குத்தானே பேசினான். “பின்னால எதுனா நிக்கணும். எது நின்னாலும் சரி.” முற்றுப்புள்ளியை எடுத்தான். ஊமை. இப்போது 2-ஐ அழித்தான். வால் மட்டும் நின்றது. ஊமை. வாலை அழித்து 2-ஐ மட்டும் வைத்தான்.

1574.

குமார் எழுந்துவிட்டான்.

“வாலு சார். இந்த வாலுதான். கடைசியா நின்னா கீழ இருக்கிற வரியயும் இஸ்துக்கினு பூடுது. ரெண்டும் ஒரே வரின்னு நெனைச்சிக்கினு கம்ப்யூட்டர் படிக்காம வுட்டுடுது. நான் பிரிண்ட்ட திருத்தித் திருத்தி இன்னா பிரயோஜனம்? அத்த அது பாக்கவே இல்ல.”

“கரெக்ட் சார்,” என்றார் தேர்வாளர், பேனாவைத் திறந்தபடி. “அப்ப வால் இல்லாமலே வைங்க. தாள்ல பிரிண்ட் எடுத்துடலாம்.”

குமார் தலையைச் சொறிந்தான். “வால் எங்கம்மா போட்டுக் குடுத்தது சார். வாலும் இருக்கட்டும், பின்னால துணையும் இருக்கட்டும். யாருக்கும் தொந்தரவு இல்லையே.”

தேர்வாளர் யோசித்தார். சி மொழியின் விதிகளில் அதற்குத் தடை ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது, “இதுக்கு முன்னாடியும் எழுதியிருக்கீங்கல்ல? அப்ப எதுல போச்சு?” என்று சாதாரணமாகக் கேட்டுவைத்தார்.

குமார் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு திரும்பித் திரையிலிருந்த வாலைப் பார்த்தான்.

மாமல்லபுரம் போகும் பேருந்து

முடிவுகள் பிறகு வந்தன, நாங்கள் இருவரும் தேறினோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்கும்போது உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

தேர்வு எப்படிப் போனாலும் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வந்துவிட வேண்டும் என்பது தேவகியின் உத்தரவு. அதனால் நானும் செங்கல்பட்டுக்குத் திரும்பாமல் அவனுடன் மாமல்லபுரம் பேருந்தில் ஏறினேன். ஜன்னல் கம்பி சுட்டது. உப்புக் காற்று வரத் தொடங்கியது.

குமார் கேட்டான். “நீ பாத்துக்கினு தான இருந்த?”

“ஆமா.”

“எப்போ தெரிஞ்சிது?”

“நீ துணை போடறதுக்கு முன்னாடியே.”

“தெரிஞ்சிகினேதான் ஆட்ட பாத்துகினு இருந்தியா?”

“ஆமா குமாரு.”

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் தலையை ஆட்டினான். “நல்ல வேள சொல்லல. சொல்லிருந்தா, இது எஸ்தர பாத்து எழுதினதுன்னு ஆயிருக்கும்.”

நடத்துநர் வந்து போனார். ஒரு வேகத்தடையில் எல்லோரும் எழும்பி உட்கார்ந்தோம்.

“அப்போ, மொதோ தபா எழுதினப்போ,” என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். “அந்தத் தபாவும் வாலு வச்ச சுழிதான் போட்டேன். விடைக்கு மேலதான்.”

“அப்போ அன்னிக்கும் இதான் நடந்திருக்கும்.”

“கணக்கு சரியாத்தான் போட்டிருந்தேனா?”

“நீ பழகும்போது போட்ட மாதிரியே போட்டிருந்தா, சரியாத்தான் போட்டிருப்பே. கணினி விடையைக் கண்டுபிடிச்சிருக்கும். கையில வச்சிருந்திருக்கும். ‘சொல்லு’ங்கிற வரிதான் அதுக்குப் போய்ச் சேரல.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சவுக்குத் தோப்புகள் ஓடின. கைக்குட்டையை எடுத்து இந்த முறை முகத்தைத்தான் துடைத்தான்.

கைப்பேசி அடித்தது. தேவகி. குப்பத்தில் மீன் ஏலம் நடக்கிற இடத்திலிருந்து பேசினாள் போலும். பின்னால் ஒரே சத்தம். அவளுக்குக் கைப்பேசி எதற்கு என்று தோன்றும். அவள் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

“இன்னா, வந்துச்சா?”

“வந்துச்சு.”

“பாஸா?”

“அத்த இன்னும் சொல்லல. ஆனா ஒண்ணு கேளு தேவகி. நான் அன்னிக்கே சரியாத்தான் போட்டிருக்கேன். ஒவ்வொரு தபாவும் சரியாத்தான் போட்டிருக்கேன். விடை உள்ள இருந்திருக்குது. வெளிய தெரியல, அவ்ளோதான். எஸ்தரு சொல்லுது.”

அந்தப் பக்கம் ஏலச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் ஏறியது.

“அப்போ இன்னாத்துக்கு இத்தினி வருசமா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருந்த?” என்றாள் தேவகி.

குமார் கைப்பேசியைக் காதில் வைத்தபடி சிரிக்க ஆரம்பித்தான். நடத்துநர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.